எதிர் பெஞ்சு

நான் செய்த முட்டாள்தனங்களில் எதை முதலில் வைப்பது என்று கேட்டால் எங்கள் வீட்டில் சண்டை வந்துவிடும். மனைவி ஒன்றைச் சொல்வாள், மகள் வேறொன்றைச் சொல்வாள். என்னைக் கேட்டால் தேயிலைக்குத்தான் முதலிடம். பரமத்தி வேலூர்ச் சந்தையில், ஊரே பார்க்க, ஒரு மணி நேரம் இலங்கையைத் திட்டி முழங்கிவிட்டு, சிலோன் டீப் பொட்டலங்களைக் குவித்துத் தீ வைத்தவன் நான். வைப்பதற்கு முன்னால் இரண்டு பொட்டலத்தை யாருக்கும் தெரியாமல் மடியில் கட்டிக்கொண்டவனும் நான்தான். காலையில் டீ குடிக்காவிட்டால் எனக்கு வயிறு ஒத்துழைக்காது.

அது முப்பத்தொன்பதாம் வருஷம். இலங்கையில் சர்க்கார் வேலை பார்த்துவந்த நம் கூலிக்காரர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பதிலுக்கு நம் பக்கத்துச் சர்க்கார், இனிமேல் கூலி வேலைக்கு ஒருவரும் இலங்கைக்குப் போகக் கூடாது என்று தடை போட்டது. பத்திரிகைகள் கொதித்தன. நான் கொதிப்பதற்குப் பத்திரிகைகூட வேண்டியதில்லை, நாலு பேர் நின்றால் போதும். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வேலூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் ஏஜெண்டு. பஸ் கிளம்புகிறது, பஸ் கிளம்புகிறது என்று விடிந்ததிலிருந்து கத்திப் பழகிய தொண்டை. அதைத் தேசத்துக்கு அர்ப்பணிக்காமல் வேறு எதற்கு வைத்துக்கொள்வது?

தேயிலை லேசில் எரியாது, புகையும். கூட்டம் இருமிக்கொண்டிருந்தபோது புகைக்குள்ளிருந்து ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே ஒருவர்.

"தம்பி, நல்லாப் பேசுனீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அவங்க எதுக்கு நம்ம ஆளுகளை அனுப்பிச்சாங்க?"

"கெட்டவனுக. அனுப்பிச்சுட்டானுக!" என்றேன், கூட்டத்தைப் பார்த்து.

"அது வசவுங்க தம்பி. நான் காரணத்தைக் கேட்டேன்."

பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், அந்தப் பக்கத்தில் நான் பார்த்திராத முகம், முன்னால் வந்து புகையை மூக்கால் இழுத்தாள்.

"ஏனுங் சாமி, அது எந்தத் தோட்டத்துத் தூளுங்க?"

"சிலோன் தூளு!"

"அது தெரியுதுங்க. எந்தத் தோட்டம்னு கேட்டேன். நாங்க பறிச்சதாட்ட வாசம் வருது."

கூட்டம் சிரித்தது. இலங்கையைத் தண்டிப்பதாக நினைத்து, அங்கே இருக்கும் நம் சனங்களின் கைவேலையைக் கொளுத்தியிருக்கிறேன். அவள் பெயர் பாவாயி. குடைக்காரருக்கு ஊரில் கொழும்பு வாத்தியார் என்று பெயர். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கு வரும் தபால்களில் மட்டும்தான் இருந்தது.

இலங்கையில் ஒரு கல்லூரியில் பதினான்கு வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். அப்பா இறந்ததும் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தார். ஆனால் கொடிக்கால்தான் அவரைப் பார்த்துக்கொண்டது. வெற்றிலைக் கொடி படர்வதற்கு நட்ட அகத்தி வரிசைகளுக்கு நடுவே புத்தகம் படித்துக்கொண்டே நடப்பார், எதிலாவது முட்டிக்கொண்டு, "மன்னிக்கோணும்" என்று அகத்தியிடம் சொல்வார். தமிழும் இங்கிலீஷும் எழுதுவார். சிங்களமும் பாலியும் படிப்பார். சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்து பத்திரிகைக்காரர்கள் கட்டுரை கேட்டு எழுதுவார்கள். ஒரு கவுளிக் கட்டுக்கு எத்தனை வெற்றிலை என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை சந்தேகமாகவே இருந்தது.

அவர் வீட்டு வாசலில் பூவரச மரத்தடியில் எதிரும் புதிருமாக இரண்டு மரப் பெஞ்சு கிடக்கும். வாய்க்கால் தண்ணீர் முறைக்காக அடித்துக்கொள்கிறவர்கள் அங்கே வருவார்கள். தீர்ப்புக் கேட்டுத்தான் வருவார்கள். அவர் தீர்ப்பே சொல்ல மாட்டார். ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் கத்த விடுவார். பிறகு, "எந்திரிச்சு எடம் மாறிக்குங்க" என்பார். எடம் மாறியவர்கள் இப்போது எதிராளியின் குறையைத் தங்கள் குறையாகச் சொல்ல வேண்டும். எதிராளி கேட்டுவிட்டு, "அதேதானுங்க" என்று சொல்லும்வரை விட மாட்டார்.

இதைக் கேட்கச் சுலபமாக இருக்கும். ஒரு தடவை செய்து பாருங்கள். இரண்டு கொடிக்கால்காரர்கள், அண்ணன் தம்பி முறை, எட்டு வருஷப் பகை. ஒருத்தர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் முறைத் தண்ணியத் திருடறவன்" என்று ஆரம்பித்தார்.

"அது அவரு கொறை இல்லீங்க, நீங்க அவரு மேல சொல்ற கொறை. அவரோட கொறையச் சொல்லுங்க."

"அவனுக்கென்னங்க கொறை? மகராசனாட்ட இருக்கறான்."

"அப்ப எட்டு வருசமா எதுக்குங்க கத்தறாரு?"

ஆள் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பொழுது சாயும் நேரத்துக்கு, "என்ற நெலம் மேடு, தண்ணி ஏர்றதுக்குள்ள முறை முடிஞ்சு போவுது" என்று சொல்லிவிட்டார். எதிரே இருந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டு, "இத இவன் மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க கேஸு போடறேன்?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

வாத்தியாருடைய மனைவியிடம் ஒரு நாள், "உங்ககிட்டயும் இப்படித்தான் சண்டை போடுவாருங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"என்கூட எங்க சண்டை போடறாரு? என்ற பக்கத்தையும் அவரே பேசிப்போடறாரு. எனக்குச் சோறாக்கற வேலை மட்டுந்தான் மிச்சம்" என்றார்.

இந்தப் பெஞ்சு வித்தையை அவர் கடல் தாண்டியும் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்டிப் பக்கத்தில் அவருடன் வேலை பார்த்த ஒரு சிங்களப் பேராசிரியர் இருந்தார். இரண்டு பேரும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொள்வார்கள். இவர் எழுதுவது சிங்களவர்களின் குறை, அவர் எழுதுவது நம் ஆட்களின் குறை. வந்த கடிதத்தைப் படித்து, 'எங்கள் குறை இதுவே' என்று கீழே கையெழுத்துப் போட முடிந்தால்தான் அடுத்த விஷயத்துக்குப் போகலாம். முடியாவிட்டால் தவறைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே கடிதம் நாலு தடவை ராமேஸ்வரம் கடலைத் தாண்டியதுண்டு. தபால்காரர், "இது அப்பவே வந்த கடுதாசிங்களே!" என்று தலையைச் சொறிவார்.

கையெழுத்தான கடிதங்களை இரண்டு ஊர்ப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார்கள். உடனே இரண்டு ஊரும் ஒற்றுமையாகிவிட்டன, திட்டுவதில். அங்கே பேராசிரியரை இந்தியாவுக்கு விலைபோனவர் என்றார்கள். இங்கே பூவரச மரத்தடிப் பெஞ்சில் யாரோ சாணியைப் பூசிவிட்டுப் போனார்கள். 'கொழும்புக்காரன் வக்கீல்' என்று பட்டம் கட்டினார்கள். சாணி பூசியது நானில்லை. பட்டம் கட்டியது நான். பஸ் ஏறுகிறவர்களிடமெல்லாம் டிக்கெட்டோடு சேர்த்து அதையும் கொடுத்தனுப்பினேன். அவர் காதுக்கு எட்டியபோது, "வக்கீலுன்னா ஒரு பக்கந்தான பேசோணும்? தம்பி கொஞ்சம் கொறச்சுச் சொல்லிட்டாரு" என்றாராம்.

பாவாயிதான் என்னை அவர் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளுடைய தாய் தோட்டத்து வேலை போதும் என்று ஊருக்குத் திரும்பி, எங்கள் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றில் இருந்தவள். சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு, புருஷனையும் மூன்று வயது மகனையும் தோட்டத்தில் விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ஒரு மாதத்துக்கென்று வந்திருக்கிறாள். தாயை அடக்கம் செய்துவிட்டு, இலங்கை போகிறவர்களைச் சோதித்துக் கப்பலேற்றும் மண்டபம் கேம்புக்குப் போனால், கூலிக்காரர் யாரும் கப்பலேற முடியாது, தடை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போதெல்லாம், "சாமி, சிலோனுக்கு எப்பங்க உடுவாங்க?" என்று என்னைக் கேட்பாள். சந்தையில் அவ்வளவு பேசினவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை. மூன்று வாரம் "அடுத்த வாரம்" என்று சொன்னேன். நாலாவது வாரம் வெட்கம் வந்து, வாத்தியாரிடம் கூட்டிப் போனேன்.

அவர் இரண்டு சர்க்காருக்கும் எழுதினார். ஒரு சர்க்கார், வெளியே விடுவது எங்கள் கையில் இல்லை என்பது போல எழுதியது. இன்னொன்று, உள்ளே விடுவது எங்கள் கையில் இல்லை என்பது போல எழுதியது. நடுவில் பாவாயி.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பேராசிரியரே வந்தார். வடக்கே புத்தர் இருந்த இடங்களைப் பார்க்கப் போகிற வழியில் கரூரில் இறங்கி, பரிசலில் காவேரியைத் தாண்டி வந்தார். 'சிங்கள ஆளு வந்திருக்கறானாம்' என்று ஊர் திரண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வந்தவரோ வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியும் ஜலதோஷமுமாக இருந்தார். "நம்ம போஸ்ட்மாஸ்டராட்டத்தான இருக்கறாரு" என்று யாரோ ஏமாற்றமாகச் சொன்னார்கள்.

வாத்தியார் கூட்டத்தில் கண்ணை ஓட்டினார். நான் ஒரு தடித்த கவுண்டருக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"ஏஜெண்டுத் தம்பி, வாங்க. சந்தைல நீங்கதான பேசுனீங்க? இவரு எடத்துல உக்காருங்க."

எடம் மாறினோம். "இப்ப நீங்க சிங்களத்து ஆளு. உங்க கொறைய நம்ம சனத்துக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. ஒரு மணி நேரம் திட்டியவனுக்கு, திட்டப்பட்டவன் பக்கத்தில் ஒரு வாக்கியம் தெரியவில்லை.

"ஏனப்பா, பஸ்ஸு கெளம்பலையா?" என்றது ஒரு குரல். ஊரே சிரித்தது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "அவசரமில்லீங்க தம்பி. அவங்க மலைக் காடு வெள்ளைக்காரன் கைக்குப் போன கதை கடுதாசில வந்துதே, படிச்சீங்களா?" என்றார். பட்டம் கட்டுவதற்காக ஒரே ஒரு கடிதத்தை அரைகுறையாகப் படித்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். ஏனோ என் பெரியம்மா ஊர் ஞாபகம் வந்தது. அது மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போன ஊர்.

"எங்க மலைங்க," என்று ஆரம்பித்தேன். "எங்களை ஒரு வார்த்தை கேக்காம வெள்ளைக்காரன் எடுத்துக்கிட்டான். மேஞ்ச காடு போச்சு. அப்பறம் வேத்தூரு ஆளுகளக் கொண்டாந்து குடி வெச்சான். எங்களுக்குக் கோவம். வெள்ளைக்காரன் மேல காட்ட முடியுமா? துப்பாக்கி வெச்சிருக்கறான். கூடை வெச்சிருக்கறவன் மேல காட்டறோம்."

பேராசிரியர் கர்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, புத்தகத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ஒன்று உண்டு. நாளை வாக்குப் போடும்போது, எங்கள் மலைகளில் எங்களைவிட அவர்கள் அதிகமாக இருந்துவிடுவார்களோ என்ற பயம். அதையும் சொல்லுங்கள்."

"பயம்னு சொன்னாக் கேவலமில்லீங்களா?"

"நாங்களே சொன்னால் கேவலம். நீங்கள் சொன்னால் ஆறுதல்."

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அடுத்தது பாவாயியின் முறை. அவள் பெஞ்சில் உட்காரவில்லை. பண்ணையாள் குடும்பத்துப் பெண் கவுண்டர்களுக்கு முன்னால் பெஞ்சில் உட்காருவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. பூவரச மரத்துக்கு அப்பால் தரையில் குந்தியிருந்தாள். எடம் மாற வேண்டும் என்றால் என்ன செய்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், பேராசிரியர் எழுந்து போய் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளை வேட்டியோடு.

"நீ போயி அவரு எடத்துல உக்காரம்மா," என்றார் வாத்தியார்.

"வேண்டாஞ் சாமி, நின்னுக்கறேன்."

"நின்னா அவரு சொல்றது உன்ற காதுல உழுகாது."

நான் ஒளிந்திருந்தேனே, அந்தக் கவுண்டர் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். வாத்தியார் அவர்களைத் தடுக்கவும் இல்லை, அவளை அவசரப்படுத்தவும் இல்லை. பாவாயி குழந்தையை இறுக்கிக்கொண்டு, பெஞ்சின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்தாள்.

பேராசிரியர் தரையிலிருந்து பேசினார்: "நாங்கள் பஞ்சம் பிழைக்க வந்தோம். காட்டைத் திருத்தித் தேயிலை நட்டோம். எங்களில் பலர் அந்த மண்ணிலேயே இறந்தார்கள்."

"இல்லீங்க," என்றாள் பாவாயி.

"நாங்கள் பாடுபட்டோம். பலன் வேறு யாருக்கோ போனது. இப்போது வேண்டாம் என்கிறார்கள்."

"அதுவுமில்லீங்க."

அவர் திகைத்துப்போய் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் உதவிக்கு வந்தார்: "நாம ஊர விட்டுட்டுப் பொழைக்கப் போன எடத்துல..."

"சாமி, நீங்களும் அதத்தான் சொல்றீங்க," என்று அவள் குறுக்கிட்டாள். "நான் எங்கீங்க போனேன்? நான் அங்கதான் பொறந்தேன். தோட்டத்து லயத்து ஊட்லதான் கண்ணாலம் பண்ணுனேன். எங்கம்மா சாகறாங்கன்னுதான் மொதத் தடவையா இந்த ஊரையே பாத்தேன். எல்லாரும் என்னைய ஊருக்கு வந்துட்டேங்கறீங்க. நான் ஊர விட்டுட்டு வந்து நிக்கறேன்."

இரண்டு அறிவாளிகள், எத்தனையோ கடிதங்கள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு கையெழுத்து. அத்தனையிலும் 'இங்கிருந்து சென்றவர்கள்' என்றோ 'அங்கிருந்து வந்தவர்கள்' என்றோதான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவர் குறையை ஒருவர் திருத்தித் திருத்திச் சரியாக்கியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வேறு ஒரு படித்தவராக இருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் சொல்ல வந்ததும் அதுதான்" என்று சமாளித்திருப்பார். நானாக இருந்தால் ஒரு ஜோக் அடித்திருப்பேன். வாத்தியார் குடையைக் கீழே வைத்தார். போய்ப் பேராசிரியர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஊர் பார்க்க, உரக்கச் சொன்னார்:

"தப்பா எழுதிட்டம்மா. இத்தன வருசமும் தப்பா எழுதிட்டேன். மறுக்காச் சொல்றேன், சரியான்னு பாரு."

சொன்னார். அவள் ஒரு இடத்தில் திருத்தினாள். மறுபடி சொன்னார். அவள் இன்னோர் இடத்தில் திருத்தினாள். மூன்றாம் தடவை, "நான் பொறந்த ஊட்டுக்கு நான் போறதுக்கு ரெண்டு சர்க்காரு எதுக்குங்க சண்டை போடறாங்க?" என்று அவர் முடித்தபோது, பாவாயி குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அதேதானுங்க," என்றாள்.

அவரை நான் எதிர்த்துப் பேசியது அதோடு நின்றது. பட்டத்தை நானே அவிழ்த்தேன். அது லேசில்லை. ஊருக்குள் விட்ட பட்டம், எந்தக் கிளையில் சிக்கிக் கிடக்கிறது என்று தேடித் தேடி அவிழ்க்க வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் உட்கார்ந்து பழைய கடிதங்களையெல்லாம் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார்கள். கீழே மூன்று பேர் ஒப்பம், மூன்றாவது பாவாயியின் கைநாட்டு. இரண்டு சர்க்காருக்கும் போனது, பத்திரிகைகளுக்கும் போனது. அங்கே பேராசிரியரை ஒரு கூட்டத்தில் பேசவிடாமல் இறக்கினார்கள். இங்கே கவுண்டர்கள் நாலைந்து பேர் வாத்தியார் வீட்டு விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தினார்கள். "பந்திக்கு எலை மிச்சம்" என்றார் அவர் மனைவி.

பிறகு யுத்தம் கிழக்குப் பக்கம் வந்தது. ரப்பருக்குத் தட்டுப்பாடு, தோட்டங்களில் ஆள் தேவை. முன்பே அங்கே இருந்தவர்கள் திரும்பப் போகலாம் என்று தடையைத் தளர்த்தினார்கள். "உங்க கடுதாசி வேலை செஞ்சுதுங்க!" என்று நான் ஓடினேன். "ரப்பர் வேலை செஞ்சுதுங்க தம்பி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நம்ம கடுதாசியும் அந்த மேசை மேல எங்கியாச்சும் கெடந்திருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் பெருமையடித்துக்கொண்டு நான் அவரைப் பார்த்ததில்லை.

இரண்டு நாடும் சுதந்திரமடைந்த பிறகு, அங்கே சட்டம் போட்டு, பாவாயியைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அப்போது வாத்தியார் படுக்கையில் இருந்தார். சேதியைப் படித்துச் சொன்னேன். தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி, கண்டிக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அதற்குப் பதில் வந்தபோது அவர் இல்லை. பதிலின் கீழே பேராசிரியர் கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

முன்னே தடை தளர்ந்த சமயத்தில் பாவாயியை வழியனுப்பக் கரூர் ஸ்டேஷனுக்குப் போனது நான். வாத்தியாருக்கு அன்று காய்ச்சல். மண்டபத்தில் காட்ட வேண்டிய காகிதங்களை என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ரயில் வர நேரமிருந்தது. எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அந்த மனுஷர் எப்பேர்ப்பட்டவர், தரையில் உட்கார்ந்தாரே, தப்பை ஒத்துக்கொண்டாரே, இரண்டு நாட்டையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாரே என்று பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். ஓடியாடும் வயதுக்கு வந்துவிட்ட குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாயி கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரயில் வந்தது. மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னாள்:

"தங்கமான மனுசருங்க அவரு. ஆனாலும் சாமி, மூணு வயசுல உட்டுட்டு வந்த பையனுக்கு இப்ப ஆறு வயசு, என்னையப் பாத்து ஆருன்னு கேக்கப் போறான். படிச்சவங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுனீங்க. தடை போடறதுக்கு முந்தியே பேசியிருக்கோணும்."